கல்லுமலைத் தோட்டத்து அகக்கழுவல்

யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேலே வெகுதூரம் நடந்தால் கல்லுமலைத் தோட்டம் வரும். ரப்பர் தோட்டம். அந்த வருஷம் அங்கே கீழ்லயத்து வரிசைவீடுகளில் இருந்த எல்லோருக்கும் வயிறு வலித்தது.

காரணத்தை யாரும் தேடவில்லை. தேடாமலே தெரிந்திருந்தது. ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைக்கிற அசிட்டும், உறைந்த ரப்பர் ரொட்டிகளைக் கழுவிய தண்ணீரும் கான் என்கிற சிறு வாய்க்கால் வழியாக ஓடையில் போய் விழும். மழையில் மண் சரிந்து பழைய கான் மூடிப்போனபோது, கொம்பனி புதிதாக ஒன்று வெட்டியது. வெட்டியவர்கள் அதைக் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேல்பக்கமாக வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து லயத்துப் பீலிக்குழாயில் வரும் தண்ணீர் புளித்த வாடை அடித்தது.

ஸ்டோரில் வேலை செய்யும் கிருஷ்ணராஜும் இன்னும் சிலரும் தோட்டத்து மேலாளரான துரையைப் போய்ப் பார்த்தார்கள்.

"கான மட்டும் கொஞ்சம் கீழ்ப்பக்கமாத் திருப்பி விட்டுட்டா போதுங்க தொர," என்றான் கிருஷ்ணராஜ்.

துரை இரக்கமுள்ளவர். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "கொம்பனிக்கு எழுதுறேன்" என்றார். எழுதவும் செய்தார்.

கொம்பனி மேசனை அனுப்பவில்லை. ஒரு வெள்ளை வானை அனுப்பியது.

வானின் பக்கத்தில் 'அகத்தூய்மை அறக்கட்டளை' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் பிரதீபன். திட்ட இணைப்பாளர். கொழும்புக்காரர். ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர் ராமச்சந்திரன் அவருக்குக் குடை பிடித்தார். மழை பெய்யவில்லை. குடை கையில் இருந்தது, அவ்வளவுதான்.

எல்லோரையும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொன்னார்கள். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிரதீபன் பேசினார்.

"உங்கள் வலி எங்களுக்கும் வலிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த ஓடை உங்கள் பாட்டன் காலத்திலிருந்து ஓடுகிறது. அவர்களுக்கு வலிக்கவில்லை. ஓடை மாறவில்லை. அப்படியானால் மாறியது யார்? நீங்கள். தண்ணீர் சுத்தமாகத்தான் வருகிறது. அது போய்ச் சேரும் இடம்தான் அசுத்தமாக இருக்கிறது."

கிருஷ்ணராஜின் மனைவி இருளாயி பின்வரிசையில் இருந்து எழுந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"ஐயா, கானத் திருப்பி வெட்டுனா செரியாப் போயிருமேங்க?"

பிரதீபன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பார்த்தீர்களா? குற்றத்தை எப்போதும் வெளியே தேடுவது. இதுதான் நோய். நாங்கள் உங்களை உள்ளே பார்க்கப் பழக்க வந்திருக்கிறோம்."

ராமச்சந்திரன் கைதட்டினார்.

அதன்பிறகு செயல்முறை விளக்கம் நடந்தது. வீட்டுக்கொரு பை, அதில் ஒரு நீளக் குழாய், ஒரு கரண்டி. உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், பையில் ஊற்ற வேண்டும், பையை ஆணியில் மாட்டி, குழாயின் மறுமுனையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். எனிமாதான். ஆனால் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது. 'அகக்கழுவல்' என்றே சொல்ல வேண்டும். காட்டுவதற்கு ஆள் யாரும் முன்வராததால், பிள்ளைக்காம்பராவில் கிடந்த பெரிய பொம்மையை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அழுதன. அதற்குப் பிறகு அந்தப் பொம்மையை ஒரு பிள்ளையும் தொடவில்லை.

"தண்ணி எதுலங்க எடுக்குறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"உங்கள் பீலியில்தான்," என்றார் பிரதீபன்.

பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தைத் திறந்தார்கள். டிஸ்பென்சர் ஐயா ஓய்வுபெற்றுப் போன நாளிலிருந்து அங்கே உரமூட்டைகள்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தன. மூட்டைகளை வெளியே போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, அறக்கட்டளையின் பலகையை மாட்டினார்கள்.

முதல் சிக்கல் கக்கூஸில் வந்தது. லயம் முழுவதற்கும் இருந்ததே ஒன்றுதான். அதன் கதவும் பாதி. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அகம் கழுவப்பட்டதால், அதற்கு முன்னால் நின்ற வரிசை ரப்பர் மரங்களுக்குள் வளைந்து போனது. நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சிலரால் நிற்கவும் முடியவில்லை. ராமச்சந்திரன் தயங்கித் தயங்கி இதைப் பிரதீபனிடம் சொன்னார்.

"கழிப்பறை எங்கள் திட்டத்துக்குள் வராது," என்றார் பிரதீபன். "எங்கள் பொறுப்பு வெளியேற்றுவது வரைதான்."

அடுத்ததாக அது பெரட்டுக்கு வந்தது. விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கங்காணி ஒவ்வொருவரையும் பார்த்து, "கழுவியாச்சா?" என்று கேட்க வேண்டும் என்று உத்தரவு. ஆச்சு என்றால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். இல்லையென்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம். இத்தனை வருஷத்தில் மழைக்கும் பாலுக்கும் அரைப்பேர் போட்டிருக்கிறார்கள். குடலுக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் ஆச்சு என்றார்கள்.

பிரதீபனுக்கு அது தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "உண்மையாகக் கழுவியவரை முகத்தை வைத்தே சொல்லிவிடலாம்," என்று கங்காணிக்கு விளக்கினார். "கண் உள்ளே போயிருக்கும். உதடு காய்ந்திருக்கும். தெம்பாக நிற்கிறவன் ஏமாற்றுகிறான்."

மறுநாள் முதல் தோட்டத்துச் சனம் தெம்பில்லாமல் நிற்கப் பழகியது. கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, சுவரைப் பிடித்துக்கொண்டது. கிருஷ்ணராஜ் நன்றாக நடித்தான். இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் அவளுக்கு இரண்டு தடவை அரைப்பேர் விழுந்தது.

நடிப்பைத் தடுக்க, டிஸ்பென்சரிக் கட்டடத்தில் பாய் விரித்து 'மேற்பார்வைக் கழுவல்' தொடங்கினார்கள். அதன்பிறகு யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் கொழும்புத் தலைமையகத்தில் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. உப்புதான் சரி என்றது ஒரு பிரிவு. அப்பச்சோடாதான் சரி என்றது மற்றது. இரண்டு பிரிவுக்கும் தனித்தனிப் பணிப்பாளர்கள் இருந்ததால் இரண்டுமே சரி என்று முடிவானது. கீழ்லயம் உப்பு என்றும் மேல்லயம் சோடா என்றும் பிரித்தார்கள். மேல்லயத்தில் பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள், மருமகன் விருந்துக்கு வந்தால் எதில் கழுவுவது என்று விசாரித்தார்கள். அதற்குத் தனிச் சுற்றறிக்கை வரும் என்று பதில் வந்தது.

யட்டியாந்தோட்டை பஜாரில் தாஸிம் நானாவின் கடையில் அப்பச்சோடா தீர்ந்துபோனது.

"என்ன கிருஷ்ணராஜ், தோட்டத்துல எல்லாரும் அப்பக்கடை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் தாஸிம்.

கிருஷ்ணராஜ் விஷயத்தைச் சொன்னான். தாஸிம் கல்லாவில் இருந்து எழுந்து வந்து, அவன் தோளில் கை வைத்தார்.

"அந்தத் தண்ணியில நான் ஒரு தடவ மூஞ்சி கழுவினேன் மச்சான். ரெண்டு நாள் கண்ணு எரிஞ்சிச்சு. அதையா உள்ளுக்கு விடுறீங்க?"

அவன் கடையை விட்டு இறங்கி நடந்தான். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இருளாயிக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனம். டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறாள். உப்பைக் குறை, ஊறுகாய் கருவாடு பக்கமே போகாதே என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷமாக அவள் வீட்டில் குழம்பு சப்பென்றுதான் இருந்தது. அவளும் கிருஷ்ணராஜும் போய்ப் பிரதீபனிடம் இதைச் சொன்னார்கள்.

பிரதீபன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். குறுக்கே பேசவே இல்லை.

"டாக்டர் சொன்னது வாயால் சாப்பிடும் உப்பை," என்றார். "இது வாய் வழியாகப் போகவில்லையே. சாப்பிடாத உப்பு எப்படி உப்பாகும்?"

"இல்லைங்க ஐயா, உடம்புக்குள்ளதான போவுது..." என்று இழுத்தாள் இருளாயி.

"அம்மா, உங்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கழுவ வேண்டியிருக்கிறது. பலவீனமான உறுப்பில்தான் அழுக்கு தங்கும். உங்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போடச் சொல்கிறேன். இலவசம்தான்."

ராமச்சந்திரன் பக்கத்தில் நின்றார். அவரும் அதே தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர்தான். அன்று அவர் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

லயத்தில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் சுப்பம்மா இருந்தாள். தனிக்கட்டை. இருளாயியோடு ஒரே மலையில் பால் வெட்டுகிறவள். வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகையில் ஒருநாள் அவள் கால் மடிந்து விழுந்தாள். பால் சரிவெல்லாம் வெள்ளையாக ஓடியது. டிஸ்பென்சரிக் கட்டடத்துக்குத் தூக்கிப்போனார்கள்.

பிரதீபன் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "நல்ல அறிகுறி. அழுக்கு இளகுகிறது. இனித்தான் வேகமாகக் கழுவ வேண்டும்."

"தண்ணி... தண்ணி குடுங்க" என்றாள் சுப்பம்மா.

"குடிக்கக் கூடாது. உள்ளே போன தண்ணீரே போதும்."

அந்த வாரத்தில் இன்னும் பலர் விழுந்தார்கள். மேல்லயத்தில் ஒருவனுக்குக் கை விரல்கள் கோணிக்கொண்டு நேராகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கண் செருகியது. ஒவ்வொருவர் விழும்போதும் அறக்கட்டளைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் சத்தம் குறைந்துபோனது. பெரட்டுக்களத்தில் சண்டை இல்லை, கேலி இல்லை. நாய்கூட நிழலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. துரை பங்களா வாசலில் நின்று பார்த்துவிட்டு, தோட்டம் இவ்வளவு ஒழுக்கமாக இருந்து தான் கண்டதில்லை என்று சொன்னாராம்.

சுப்பம்மா ஒரு மத்தியானம் செத்துப்போனாள். இருளாயிதான் பார்த்தாள். கஞ்சி கொண்டுபோனபோது உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடந்தாளாம்.

சாவு வீட்டுக்குப் பிரதீபன் மலர்வளையத்தோடு வந்தார். தப்பு அடிக்கிறவர்களை நிறுத்தச் சொல்லி, இரண்டு வார்த்தை பேசினார்.

"சாவு எல்லோருக்கும் வரும். ஆனால் எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி. இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேர் அழுக்கோடு போயிருக்கிறார்கள். சுப்பம்மா அம்மா இங்கிருந்து மிகச் சுத்தமாகப் போகிறார். அவருடைய இடத்தை நிரப்ப நீங்கள் ஒவ்வொருவரும் முயல வேண்டும்."

ராமச்சந்திரன் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் உயர்த்தினார். அவை ஒன்றோடொன்று சேரவில்லை. அப்படியே கீழே இறக்கினார்.

கிருஷ்ணராஜுக்கு அன்றிலிருந்து பயம் வந்தது. வயிற்றுவலிக்கு வந்த பயம் வேறு, இது வேறு. பிணத்தைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, "நாளையிலருந்து நீ போக வேணாம். அரப்பேரே போடட்டும்" என்றான் மனைவியிடம்.

"போகலன்னா காம்பராவுக்கே வந்து கூட்டிட்டுப் போறாங்களே," என்றாள் இருளாயி. அவள் குரலே மாறிப்போயிருந்தது. வாயில் துணி வைத்துப் பேசுவது போல. கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

இரண்டொரு நாளில் அவள் பேச்சு குழறியது. பெரட்டில் நின்றவள், "சுப்பம்மாக்கா, வா, மலைக்கு நேரமாச்சு" என்று தனக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். கங்காணி, "இருளாயி, கழுவியாச்சா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மண்ணில் விழுந்தாள்.

பிரதீபன் ஓடிவந்தார். "யாரும் தொடாதீர்கள்! இதுதான் உச்சகட்டம்!"

கிருஷ்ணராஜ் அவரைத் தள்ளிக்கொண்டு போய் அவளைத் தூக்கினான். யாரோ பஜாருக்குப் போன் போட்டார்கள். தாஸிமின் மகன் ஷிராஸ் த்ரீவீலரைக் கொண்டுவந்தான். ஆனால் தோட்டத்து கேட் பூட்டியிருந்தது. சுப்பம்மா செத்த நாளிலிருந்து, திட்டம் முடியும்வரை பயனாளிகள் வெளியே போகக்கூடாது என்று அறக்கட்டளை விதித்திருந்தது. த்ரீவீலரோடு ஷிராஸ் அந்தப்பக்கமும், மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிருஷ்ணராஜ் இந்தப்பக்கமும் நின்றார்கள்.

பிரதீபன் பின்னாலேயே வந்தார். இப்போதும் குரலை உயர்த்தவில்லை. "நடுவில் நிறுத்தினால் இதுவரை செய்தது எல்லாம் வீண். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?"

"நாந்தாங்க பொறுப்பு. கேட்டத் தெறங்க."

"நீ எப்படிப் பொறுப்பேற்க முடியும்? நீ பயனாளி."

சாவி ராமச்சந்திரனிடம் இருந்தது. அவர் பிரதீபனைப் பார்த்தார். தோளில் தொங்கிய இருளாயியின் கையைப் பார்த்தார். பிறகு போய்ப் பூட்டைத் திறந்தார். சாவி இரண்டு தடவை நழுவியது. கேட்டைத் தள்ளிவிட்டு, "ஓடு தம்பி" என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளம் டாக்டரம்மா. சிங்களத்தி. இரத்தத்தைச் சோதித்து வந்த கடதாசியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு உப்பு எப்படி ஏறியது? என்ன சாப்பிட்டார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கிருஷ்ணராஜும் சிங்களத்திலேயே சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பை, குழாய், கரண்டி, பீலித் தண்ணீர்.

"கவுத கிவ்வே?" யார் சொன்னது என்று டாக்டரம்மா கத்திவிட்டார்.

"கொம்பனிதான் மிஸ்."

"வாய் வழியாகப் போனாலும் குழாய் வழியாகப் போனாலும் குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். இரத்தத்துக்கு எல்லாம் ஒரே உப்புதான். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இப்படிச் செய்தால்..." அவர் கடதாசியைக் கீழே வைத்தார். "இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம்."

கிருஷ்ணராஜ் வார்டுக்கு வெளியே சுவரோடு உட்கார்ந்துகொண்டான். கல்யாணமான புதிதில் கூட அவளோடு இத்தனை நேரம் ஓரிடத்தில் இருந்ததில்லை. தான் பெரட்டில் கன்னத்தை இழுத்துக்கொண்டு நடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது என்றுதானே அரைப்பேர் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இருளாயி பிழைத்தாள். பல நாள் கழித்துக் கண்ணைத் திறந்து, "என்னாங்க, மூஞ்சி இப்புடி இருக்கு? கழுவியாச்சா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி ஏன் அந்த ஆள் அழுகிறான் என்று விழித்தாள்.

டாக்டரம்மா விட்டுவிடவில்லை. அவர் சொல்லித்தான் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. தோட்டத்துக்கு வந்து பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப்போனார். குடிக்கக் கூடாத தண்ணீர் என்று முடிவு வந்தது. கொம்பனி அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டது. உடனே எல்லாப் பீலிக்கும் மேலே மூன்று மொழியிலும் பலகை மாட்டினார்கள்: 'இது குடிநீர் அல்ல. அகக்கழுவலுக்கு மட்டும்.'

குடிக்கப் பவுசர் லொறியில் தண்ணீர் கொடுத்தார்கள். அது சில நாள் வந்தது. பிறகு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராஜ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினான். அவனுக்குப் பின்னால் கீழ்லயத்து ஆட்கள் ஏறினார்கள். கோணிய விரலோடு மேல்லயத்துக்காரனும் ஏறினான். யாரும் கோஷம் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் கானைக் கீழ்ப்பக்கமாக வெட்டித் திருப்பிவிட்டு, தொட்டியை இறைத்துத் தேய்த்தார்கள். ஓடை சில வாரத்தில் தெளிந்தது. வயிற்றுவலி நின்றது.

அறக்கட்டளை வெற்றிவிழா எடுத்தது.

பிள்ளைக்காம்பராவில் பந்தல் போட்டார்கள். துரை வந்தார், கொம்பனிப் பெரியவர்கள் வந்தார்கள். தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்களைப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார்கள். அங்கேயும் இப்போது வயிறு வலிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு புதுப் பை இருந்தது.

இருளாயியை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மாலை போட்டார்கள். வராவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ராமச்சந்திரன் இல்லை. அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

பிரதீபன் பேசினார்.

"கானைத் திருப்பியதால்தான் வலி நின்றது என்று சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கானைத் திருப்ப வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? உள்ளே சுத்தமானதால் வந்தது! இதோ இருளாயி அம்மா. சுத்தத்தின் எல்லைவரை போய்த் திரும்பி வந்த ஒரே பயனாளி. அடுத்த வருஷம் எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போகிறோம்."

கொம்பனிப் பெரியவர்கள் கைதட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் வெள்ளையம்மா என்ற பெண், நெற்றியில் வியர்வையோடு, பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருளாயியிடம் வந்து குனிந்தாள்.

"அக்கா, எனக்கும் கிட்னிக்குக் கிளினிக் இருக்கு. செய்யலாம்னு இந்த ஐயா சொல்றாரு. எத்தன கரண்டிக்கா போடணும்?"

பிரதீபன் பக்கத்திலேயே, கையில் பிளேன்டீயோடு, புன்னகைத்துக்கொண்டு நின்றார்.

இருளாயி சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். வெள்ளையம்மாவின் கையைப் பிடித்து, அவள் கட்டைவிரலைத் வீக்கம் வடியாத தன் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். மாவில் பதிந்தது போல விரல் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறியது. குழி மூடவில்லை.

"பார்த்தீர்களா, எவ்வளவு மென்மை!" என்றார் பிரதீபன்.

வான் ஹார்ன் அடித்தது. பெண்கள் ஏறிக்கொண்டார்கள். கிருஷ்ணராஜும் இருளாயியும் ரோட்டோரத்தில் நின்றார்கள். வான் முதல் வளைவில் திரும்பும்போது ஜன்னலிலிருந்து ஒரு பை வெளியே வந்து, குழாய் காற்றில் சுழல, ரப்பர் மரத்தடியில் விழுந்தது.

இருளாயி அடுத்த பைக்காகக் காத்திருந்தாள். வான் இறங்கிக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். மற்றப் பைகள் எல்லாம் வானோடு போய்விட்டன.